பாதி விலைத் தந்தி: கரையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கடலடிக் கம்பிகள் வழியாக வெளிநாட்டுத் தந்தி போன காலத்தைப் பற்றி, அதிலும் குறிப்பாகச் சலுகைக் கட்டணத் தந்திகளைப் பற்றி, இராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் வாப்பாவின் வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவர். அவர் 1939இல் அனுப்பிய தந்தி ஒன்று பெட்டியில் கிடைத்தது. தலைப்பில் '25/19' என்று இருக்கிறது. முகவரிக்கு முன்னால் 'என்.எல்.டி.' என்று இருக்கிறது. ஊரார் ஒருவர் அது கப்பல் பெயர் என்கிறார். உண்மையா?
(கீழக்கரை வாசகி)

கப்பல் பெயர் இல்லை. 'நைட் லெட்டர் டெலிகிராம்' என்பதன் சுருக்கம் அது. இரவுக் கடிதத் தந்தி என்று சொல்லலாம். முழுக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இதற்கு. அதற்குப் பதிலாக மூன்று நிபந்தனைகள்: தந்தி உடனே போகாது, கம்பி ஓய்ந்த நேரத்தில்தான் போகும்; வாசகம் வெளிப்படையான மொழியில் இருக்க வேண்டும், சங்கேதச் சொல் கூடாது; எத்தனை குறைவாக எழுதினாலும் 25 சொல்லுக்குக் காசு கட்ட வேண்டும்.

உங்கள் '25/19'க்கு விளக்கம் அந்த மூன்றாவது நிபந்தனையில் இருக்கிறது. கட்டணம் வாங்கிய சொல்லும் உண்மையில் அனுப்பிய சொல்லும் வேறுபட்டால், தந்தி ஊழியர் இரண்டையும் இப்படிக் கோடு போட்டு எழுதுவார். முதல் எண் காசுக்கு, இரண்டாம் எண் சொல்லுக்கு. உங்கள் பாட்டனார் 19 சொல் எழுதி 25 சொல்லுக்குப் பணம் கட்டியிருக்கிறார். இன்னும் ஆறு சொல் அவருக்கு இலவசமாகவே கிடைத்திருக்கும். அப்படியிருந்தும் அவர், எழுதிய சொல்லுக்கு மட்டும் காசு வாங்கும் பாதிக் கட்டணத் தாமதத் தந்தியை எடுக்கவில்லை. அது சரியான கணக்குதான். ஏன் என்பதைக் கீழே தொண்டி வாசகருக்குச் சொல்லும் பதிலில் காணலாம்.

முகவரிக்கு முன் நிற்கும் குறிதான் தந்தியின் வகையைச் சொல்லும். அந்தக் குறியையும் ஒரு சொல்லாக எண்ணிக் காசு வாங்குவார்கள். பழைய பெட்டிகளில் நீங்கள் பார்க்கக்கூடிய மற்றவை: 'எல்.சி.' என்றால் தாமதத் தந்தி, பாதிக் கட்டணம். 'டி.எல்.டி.' என்றால் நாள் கடிதத் தந்தி. 'எக்ஸ்.எல்.டி.' என்றால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்து. 'சி.டி.இ.' என்றால் சங்கேதம். 'ஆர்.பி.' என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால், பதில் தந்திக்கான காசை அனுப்பியவரே கட்டிவிட்டார் என்று பொருள். 1950க்குப் பிறகு வந்த தந்திகளில் 'எல்.டி.' என்று மட்டும் இருக்கும். அப்போது எல்.சி.யையும் என்.எல்.டி.யையும் எடுத்துவிட்டு, பாதிக் கட்டணத்தில் குறைந்தது 22 சொல் என்று ஒரே கடிதத் தந்தியைக் கொண்டுவந்தார்கள். அது மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் கைக்கு வரும்.

தந்தி வந்தாலே பிரித்துப் படிக்குமுன் வீட்டில் அழுகை கிளம்பும் என்பார்கள். பிறகு எப்படி நலம் விசாரிக்கும் தந்திகளும் பெட்டிகளில் கிடைக்கின்றன?
(வேதாளை வாசகர்)

விலைதான் காரணம். சொல்லுக்கு இத்தனை என்று முழுக் கட்டணம் கட்டிய காலத்தில், மலாயாவில் இருக்கும் மகன் சாவுக்கோ கப்பல் ஏறும் தேதிக்கோதான் தந்தி அடிப்பான். 'அம்மா இறப்பு உடனே வா' என்பது மூன்று நான்கு சொல்லில் முடிந்துவிடும். அந்தச் செய்தி ஒரு நாளும் காத்திருக்காது. ஆகவே அதற்கு முழுக் கட்டணம் சரி. 'கடிதம் கிடைத்தது, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது, அடுத்த மாதம் பணம் அனுப்புகிறேன், தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததில் சந்தோஷம்' என்ற செய்தி ஒரு நாள் தாமதித்தால் கெட்டுவிடாது. அதற்கு 25 சொல் வேண்டும். இரவுக் கட்டணம் வந்த பிறகுதான் இந்த இரண்டாவது வகைச் செய்தி கம்பியில் ஏறியது. வீட்டுப் பெட்டியில் உள்ள தந்திகளை வகைக்குறிப்படி பிரித்து வைத்துப் பாருங்கள். குறி இல்லாதவற்றில் சாவும் சரக்கும் இருக்கும், எல்.சி., என்.எல்.டி. குறி உள்ளவற்றில் குடும்பம் இருக்கும்.

இரவில் அனுப்பினால் ஏன் மலிவு? கம்பி ஒன்றுதானே, மின்சாரமும் ஒன்றுதானே?
(மண்டபம் வாசகர்)

கம்பி ஒன்று என்பதால்தான் மலிவு. கடலடிக் கம்பியில் பெருஞ்செலவு அதைச் செய்து கடலில் இறக்குவதில் முடிந்துவிடுகிறது. செப்புக் கம்பி, அதன்மேல் மலாயாக் காடுகளிலிருந்து வந்த கட்டா பெர்ச்சா என்னும் பால்மரப் பிசின், அதன்மேல் சணல், அதன்மேல் இரும்புக் கவசம், அதற்கு மேல் கப்பல், பழுது பார்க்கும் கப்பல், நிலைய ஊழியர்கள். ஒரு செய்தி போனாலும் ஆயிரம் போனாலும் இந்தச் செலவு குறையாது. அதிகப்படியான ஒரு செய்திக்கு ஆகும் மின்சாரமும் மையும் அற்பம். பகலில் வணிகத் தந்திகள் வரிசையில் நிற்கும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் கம்பி சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தை மூன்றில் ஒரு விலைக்கு விற்றாலும் கம்பெனிக்கு லாபமே.

இதில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. நீளமான கடலடிக் கம்பி வேகமாகச் செய்தி கொண்டுபோகாது. கம்பியும் சுற்றியுள்ள கடல்நீரும் சேர்ந்து மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அனுப்பிய துடிப்பு மறுமுனையில் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். நீளம் இரட்டித்தால் இந்த மந்தம் நான்கு மடங்காகும். ஆகவே ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய சொற்களுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. பகலில் அந்த இடத்துக்குப் போட்டி. போட்டி இருக்கும் நேரத்தில் விலை இறங்காது. 1924இல் அட்லாண்டிக்கில் பெர்மலாய் என்னும் நிக்கல்-இரும்புக் கலப்பு உலோக நாடா சுற்றிய கம்பி வந்த பிறகுதான் இந்த வேக வரம்பு பெரிதாக உடைந்தது.

ஆனால் கம்பெனிகள் தாமாக முன்வந்து விலை குறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்னிகர் ஹீட்டன் பேரரசுக்குள் சொல்லுக்கு ஒரு பென்னி என்று பல ஆண்டுகள் வாதாடினார். 1912 ஜனவரி முதல் தேதி பாதிக் கட்டணத் தாமதத் தந்தி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வார இறுதிக் கடிதத் தந்தி, நாள் கடிதத் தந்தி என்று வகைகள் பெருகின. 1927இல் மார்க்கோனியின் குற்றலை வானொலி இங்கிலாந்தையும் இந்தியாவையும் இணைத்தது. அதன் கட்டணம் கம்பியைவிடக் குறைவு. வணிகம் அங்கே ஓடியது. கம்பி கம்பெனிகள் தாக்குப்பிடிக்க முடியாமல் 1929இல் வானொலியோடு ஒரே நிறுவனமாக இணைந்தன; 1934இல் அதற்குக் கேபிள் அண்ட் வயர்லெஸ் என்று பெயர் வந்தது. 1938 ஏப்ரலில் பேரரசு முழுவதற்கும் தூரம் பாராத ஒரே கட்டணம் அறிவித்தார்கள்: முழுக் கட்டணம் சொல்லுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்), சங்கேதம் 9 பென்ஸ், தாமதம் ஏழரை பென்ஸ், இரவுக் கடிதம் 5 பென்ஸ். இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் தொடர்பை 1947இல் அரசே ஏற்றுக்கொண்டது.

எல்.சி.யா, என்.எல்.டி.யா, எது மலிவு என்று அந்தக் காலத்தில் எப்படி முடிவு செய்திருப்பார்கள்?
(தொண்டி வாசகர்)

சொல்லை எண்ணித்தான். முழுக் கட்டணத்தில் ஒரு சொல்லின் விலையை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுக் கடிதத்தில் எத்தனை சொல் எழுதினாலும் குறைந்தது 25 சொல்லுக்கு, அதாவது எட்டே மூன்றில் ஒரு பங்கு கட்டியாக வேண்டும். தாமதத் தந்தியில் 16 சொல்லுக்கு எட்டுப் பங்கு. 17 சொல்லுக்கு எட்டரைப் பங்கு. ஆகவே குறியையும் முகவரியையும் சேர்த்து 16 சொல் வரை எல்.சி. மலிவு, 17இலிருந்து என்.எல்.டி. மலிவு. 1938ஆம் ஆண்டுக் கட்டணத்தில் பார்த்தால், 16 சொல் எல்.சி. 10 ஷில்லிங். 17 சொல் எல்.சி. 10 ஷில்லிங் ஏழரை பென்ஸ். என்.எல்.டி. 25 சொல் வரை 10 ஷில்லிங் 5 பென்ஸ். அப்போது ரூபாய்க்கு 18 பென்ஸ் என்பதால் இது ஏறக்குறைய ஏழு ரூபாய். கீழக்கரைப் பாட்டனார் 19 சொல்லுக்கு என்.எல்.டி. எடுத்தது ஏன் என்று இப்போது விளங்கும்.

1950க்குப் பிறகு வந்த 'எல்.டி.'யில் கணக்கு வேறு. 22 சொல்லுக்குப் பாதி என்றால் 11 பங்கு. ஆகவே 11 சொல் வரை சாதாரணத் தந்தியே நல்லது. காசும் அதிகமாகாது, உடனேயும் போகும். இதை அறியாமல் ஆறேழு சொல்லுக்குக் கடிதத் தந்தி கொடுத்தவர்கள் அதிகக் காசு கட்டி, தாமதத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

நாள் பார்ப்பதிலும் தவறு நேர்ந்தது. தாமதத் தந்தி முழுக் கட்டணத் தந்திகள் எல்லாம் போன பிறகுதான் போகும். 24 மணி நேரம் ஆகியும் போகாவிட்டால் அதன் பிறகு முழுக் கட்டண வரிசையில் ஏறும். 'வெள்ளிக்கிழமை கப்பல்' என்ற செய்தியை வியாழன் மாலை எல்.சி.யில் கொடுப்பது வீண்.

முகவரிக்கே பாதிக் காசு போய்விடும் என்பார்களே, சொல்லை எண்ணுவதற்கு விதி என்ன?
(பெரியபட்டினம் வாசகர்)

வெளிநாட்டுத் தந்தியில் முகவரி, வாசகம், கையெழுத்து எல்லாவற்றுக்கும் காசு. போகும் வழியைக் குறிக்கும் 'வியா ஈஸ்டர்ன்', 'வியா இம்பீரியல்' போன்றவற்றுக்கு மட்டும் கிடையாது. வெளிப்படை மொழியில் 15 ரோமன் எழுத்து வரை ஒரு சொல். அதற்கு மேல் ஓர் எழுத்து கூடினாலும் இரண்டு சொல். போய்ச்சேரும் ஊர்ப் பெயர் முகவரியில் எத்தனை நீளமானாலும் ஒரே சொல். எண் என்றால் ஐந்து குறி வரை ஒரு சொல். புள்ளி, காற்புள்ளி, சாய்கோடு எல்லாம் ஒவ்வொரு குறி. '1250' ஒரு சொல். '1250/8' ஆறு குறியாகி இரண்டு சொல்லாகிவிடும்.

முகவரிச் செலவைக் குறைக்க வணிகர்கள் தந்தி முகவரி பதிவு செய்தார்கள். ஆண்டுக் கட்டணம் கட்டி ஒரே சொல்லைத் தந்தி ஆபீசில் பதிந்துவிட்டால், பெயரும் கதவு எண்ணும் தெருவும் சேர்ந்து நான்கைந்து சொல்லாக எழுதுவது மிச்சம். 'சங்குமாலை' என்று ஒரு கடை பதிந்திருப்பதாகக் கற்பனை செய்து ஒரு தந்தியை எண்ணிப் பார்க்கலாம்: எல்.சி., சங்குமாலை, பினாங், ஷிப்டு, 40, பேக்ஸ், ஸ்டீமர், ஃப்ரைடே, ரெமிட், 1250. பத்துச் சொல், ஐந்து பங்குக் காசு. இதையே முழுக் கட்டணத்தில் அனுப்பினால் குறி தேவையில்லை. ஒன்பது சொல், ஒன்பது பங்கு. கையெழுத்து கட்டாயமில்லை, தொடர்ந்து செய்தி வரும் இடத்துக்கு அதை விட்டுவிடுவது வழக்கம்.

முகவரிப் பதிவைப் புதுப்பிக்க மறந்தால்தான் வினை. தந்தி வந்து ஆபீசில் தங்கிவிடும், 'பெறுநர் தெரியவில்லை' என்று அனுப்பிய ஊருக்குச் செய்தி திரும்பும். கட்டிய காசு திரும்பாது.

பாக் நீரிணையில் கிடந்த கம்பி வழியாகவா பினாங்குத் தந்தி போனது?
(பாம்பன் மீனவர்)

இல்லை. இங்கே கிடந்தது இலங்கைக் கம்பி. 1858இலேயே மன்னார்ப் பக்கமாக இலங்கையையும் இந்தியாவையும் தந்தி இணைத்துவிட்டது. பினாங்குத் தந்தி இராமநாதபுரத்திலிருந்து தரைக்கம்பியில் சென்னை போய், அங்கிருந்து கடலுக்குள் இறங்கும். சென்னை–பினாங்–சிங்கப்பூர் கம்பி 1871இல் திறந்தது. அதே ஆண்டு சிங்கப்பூரிலிருந்து சைகோன் வழியாக ஹாங்காங்குக்கும் கம்பி போனது. லண்டன் தந்தி பம்பாய், ஏடன், சூயஸ், மால்ட்டா, ஜிப்ரால்டர் வழி. அந்தத் தடம் 1870இல் முழுமையானது. ரங்கூன் தந்திக்கு இந்த வெளிநாட்டுக் கணக்கே இல்லை: 1937 வரை பர்மா இந்தியாவோடு இருந்ததால் அது உள்நாட்டுத் தந்தி.

உங்கள் தொழிலுக்கு நெருங்கிய விஷயம் ஒன்று. ஆழ்கடலில் கிடக்கும் கம்பி மெல்லியது. கரையோரக் கம்பிதான் தடித்தது. ஆழத்தில் அதைத் தொட ஆளில்லை. கரையோரத்தில் நங்கூரம் இழுக்கும், பாறையில் உரசும், அலையில் புரளும். அதனால் கரைப்பகுதிக்குக் கனத்த இரும்புக் கம்பியால் கவசம் போட்டார்கள். வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு கட்டா பெர்ச்சாவையும் துளைத்தது. அதைத் தடுக்கப் பித்தளை நாடா சுற்றினார்கள். கம்பி அறுந்தால் கரையிலிருந்தே மின்தடையை அளந்து அறுந்த இடம் எத்தனை மைல் என்று கணக்கிடுவார்கள். பிறகு கப்பல் போய்ப் பாதாளக்கொலுசு போன்ற கொக்கியைக் கடலடியில் இழுத்துக் கம்பியைப் பிடித்துத் தூக்கும்.

எங்கள் வீட்டுத் தந்திகள் சிலவற்றில் பொருளே இல்லாத ஐந்தெழுத்து, பத்தெழுத்துச் சொற்கள் இருக்கின்றன. மந்திரமா, ரகசியமா? இவற்றையும் பாதிக் கட்டணத்தில் அனுப்பியிருப்பார்களா?
(தேவிபட்டினம் வாசகி)

ரகசியத்துக்காக இல்லை, காசுக்காக. சங்கேதப் புத்தகத்தில் ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரு சொல் இருக்கும். 'சரக்கு நல்ல நிலையில் வந்தது, உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) அனுப்பினோம்' என்பது ஒரே ஐந்தெழுத்து. 1906இல் வந்த பென்ட்லி சங்கேதப் புத்தகம் இந்த ஐந்தெழுத்து முறையைப் பரப்பியது. அப்போது உச்சரிக்கக்கூடிய பத்தெழுத்துவரை ஒரு சொல் என்பது விதி. ஆகவே இரண்டு ஐந்தெழுத்தை ஒட்டி ஒரு சொல்லாக அனுப்பினார்கள். ஒரு சொல் காசில் இரண்டு வாக்கியம். 1932இல் மாட்ரிட்டில் நடந்த பன்னாட்டுத் தந்தி மாநாடு இதை அடைத்தது. 1934 முதல் ஐந்தெழுத்துதான் ஒரு சங்கேதச் சொல். அதற்கு ஈடாகக் கட்டணம் பத்தில் ஆறு பங்கு. உங்கள் தந்தியில் பத்தெழுத்துச் சொற்கள் இருந்தால் அது பெரும்பாலும் 1934க்கு முந்தியது. தேதி கிழிந்த தாளுக்கு இது நல்ல சான்று.

பாதிக் கட்டணத்தில் இவற்றை அனுப்ப முடியாது. தாமதத் தந்திப் படிவத்தில் 'வாசகம் முழுவதும் இன்ன மொழியில் இருக்கிறது, வெளியே தெரிவதைத் தவிர வேறு பொருள் இதற்கு இல்லை' என்று அனுப்புபவர் கையெழுத்திட வேண்டும். சங்கேதத்தையும் பாதிக் கட்டணத்தையும் ஒன்றாகக் கொடுத்தால் முழுக் கட்டண வருமானமே சரிந்துவிடும் என்பதால் கம்பெனிகள் இதில் விட்டுக்கொடுக்கவில்லை.

சங்கேதத்தில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் வாக்கியமே மாறிவிடும். வெளிப்படை மொழியில் பிழையைக் கண் திருத்திக்கொள்ளும், சங்கேதத்தில் அதற்கு வழியில்லை. தரைக்கம்பியில் புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியைக் காதால் கேட்டு எழுதும்போது இடைவெளி தவறும்: 'ஏ'யும் 'என்'னும் ஒட்டினால் 'பி' (P) ஆகிவிடும், இரண்டு 'டி' (T) சேர்ந்தால் 'எம்'. கடல்கம்பியில் வேறு தொல்லை. அங்கே புள்ளிக்கும் கோட்டுக்கும் நீளம் ஒன்றுதான். மை ஒழுகும் குழாய்முனை தாளில் மேலே போனால் ஒன்று, கீழே போனால் மற்றொன்று. நான்கு புள்ளி தொடர்ந்தால் அலை ஒன்றோடொன்று கலந்து மூன்றா நான்கா என்று மயக்கம் வரும். 'எஸ்'ஸும் 'எச்'சும் அங்கே குழம்பும். அதனால்தான் நல்ல சங்கேதப் புத்தகத்தில் எந்த இரண்டு சொல்லும் குறைந்தது இரண்டு எழுத்தில் வேறுபடும்படி அமைத்தார்கள். பின்பக்கத்தில் பிழைதிருத்தும் அட்டவணையும் இருக்கும். உங்களிடம் புத்தகம் இருந்தால் அந்த அட்டவணைத் தாள்களைக் கிழியாமல் காப்பாற்றுங்கள். அவை இல்லாமல் பிழைபட்ட தந்தியைப் படிப்பது கடினம்.

இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்திலிருந்து வந்த தந்தியில் 'இ.எஃப்.எம்.' என்று இருக்கிறது. என்ன அது?
(ஏர்வாடி வாசகர்)

போர்முனைப் படையினருக்கான நிலைக்கட்டணத் தந்தி. நூற்றுக்கு மேற்பட்ட வாசகங்களை எண் போட்டு அச்சிட்டிருந்தார்கள்: கடிதம் கிடைத்தது, நலமாக இருக்கிறேன், வாழ்த்துகள் என்ற மாதிரி. மூன்று எண் வரை தேர்ந்தெடுக்கலாம். கம்பியில் எண் மட்டும் போகும்; பெறும் ஊரில் வாசகமாக விரித்து எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் தந்தியில் மூன்று வாக்கியமும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருப்பது இதனால்தான். எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் சம்பந்தமில்லாத வாழ்த்து வந்துசேரும். ஆகவே ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக் குடும்ப வரலாறு எழுதிவிடாதீர்கள்.

உப்புக்காற்றில் தந்தித் தாள்கள் பொடிகின்றன. எப்படிப் பாதுகாப்பது?
(ராமேஸ்வரம் வாசகர்)

முதலில் படம் எடுங்கள், இரண்டு பக்கமும். தந்தி வந்த நாளைச் சொல்லும் முத்திரை பின்பக்கத்திலும் இருக்கக்கூடும். குண்டூசியும் கிளிப்பும் துருவேறித் தாளைத் தின்னும். அவற்றை இழுக்காமல், தாளுக்கும் துருவுக்கும் இடையே மெல்லிய அட்டையைச் செருகி மெதுவாக நீக்குங்கள். லேமினேஷன் வேண்டாம், செலோ டேப்பும் வேண்டாம். சூட்டில் தாள் கருகும், டேப்பின் பசை மஞ்சளாகி எழுத்தை இழுக்கும். வாசகம் அச்சடித்த காகித நாடாவாக ஒட்டியிருந்தால், பசை காய்ந்து நாடா உதிர்வது பொதுவான கேடு. உதிர்ந்த துண்டுகளை வரிசை மாறாமல் ஒரு தாளில் வைத்து, எண்ணிட்டுப் படமெடுத்த பிறகே எதையும் செய்யுங்கள். மீண்டும் ஒட்ட வேண்டுமானால் கோதுமை மாவுப் பசையை நீர்க்கக் காய்ச்சி ஊசிமுனை அளவு தொட்டு வைத்தால் போதும்.

ஊதா நிற எழுத்து நீரில் கரையும், வெயிலில் வெளுக்கும். ஈரத்துணி படவே கூடாது, சுவரில் சட்டம் போட்டும் மாட்டாதீர்கள். பாலியெஸ்டர் உறையில் ஒன்றுக்கு ஒன்று வீதம் வைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு தட்டையாக அடுக்குங்கள். பொட்டலத்தின் மணி நிறம் மாறியதும் சூடேற்றிக் காயவைத்து மீண்டும் போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் ஒருமுறை பாருங்கள். டப்பாவைத் தரையில் வைக்காதீர்கள், கடல்பக்கச் சுவரை ஒட்டியும் வேண்டாம்.